அக்குள் சூடு

1

இந்தக் கதை என் தங்கை கணவரின் அக்குளில் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் நாகரிகமான இடத்தில் தொடங்கலாமே என்று நேற்றிலிருந்து முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். வேறு இடம் கிடைக்கவில்லை.

அவரை நான் மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கீழ்வீட்டில் அவரும் என் தங்கையும், மேல்வீட்டில் நான். அவருடைய தொழில் சென்சார் மாட்டுவது. குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், கிடங்குக் கதவு என்று எதில் மாட்டச் சொன்னாலும் மாட்டுவார். கருவி தீப்பெட்டி அளவுதான் இருக்கும், வால் மாதிரி ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்பெட்டிக்குள் வைத்தால் நிமிடத்துக்கு ஒருமுறை குளிரை அளந்து இணையம் வழியாக ஓர் ஏட்டில் எழுதிவிடும். அந்த ஏட்டுக்குப் பெயர் பிளாக்செயின். அது என்ன ஏது என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, அதில் எழுதியது அழியாது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, ஒரு மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியில் அவர் ஒரு தவறு செய்தார். அதனால் அறுபத்தொரு போத்தல் பால் பூட்டிக் கிடக்கிறது. பால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டுவிட்டது என்று ஏடு சொல்கிறது. நாளை வியாழன் காலை பத்து ஐம்பத்துமூன்றுக்குள் ஏட்டுக்கு ஒழுங்கான பதில் போகாவிட்டால் அத்தனையும் கொட்டப்படும். மூன்றாம் மாடியில், குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் ஏழு குழந்தைகளுக்கான பால் அது.

இதெல்லாம் நேற்று மாலை அவர் சமையலறையில் உட்கார்ந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எழுதட்டுமா என்று கேட்டேன். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதுறதுன்னா எங்க ஏடு மாதிரி எழுதுங்க மச்சான். தப்பா எழுதிட்டா அடிக்கக் கூடாது. அது அங்கேயே இருக்கட்டும். கீழ திருத்தம் போடுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தபோது அது இவ்வளவு தொல்லை பிடித்த வாக்கு என்று தெரியாது. ஆகவே நான் தொடங்கிக் கைவிட்டதெல்லாம் அடைப்புக்குறிக்குள் அப்படியே கிடக்கும். காலில் இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

[நான் ஒரு சென்சார். எனக்குக் கண் இல்லை, காது இல்லை. ஆனால் எனக்கு]

சென்சாரைப் பேசவிட்டால் பிறகு குளிர்பெட்டியும் பேசும், போத்தலும் பேசும். கதையில் மனிதனுக்கு வாயைத் திறக்க இடம் இருக்காது.

[எதிர்காலத்தில் ஒரு நாள், மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்த மாநகரத்தின் வானளாவிய]

எதிர்காலம் எதற்கு? அதெல்லாம் நேற்றைக்கே நடந்துவிட்டது. தவிர, வானளாவிய எதையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

[மாப்பிள்ளை ஒரு நேர்மையான மனிதர்.]

இந்த வாக்கியத்தை என் தங்கை சொல்லி எழுதினேன். கதையில் அவர் நல்லவராக வர வேண்டுமாம். நல்லவர் என்று முதலிலேயே எழுதிவிட்டால் வாசகர் சந்தேகப்படுவார், நடந்ததை எழுதினால் போதும் என்றேன். நடந்ததை எழுதினால் நல்லவராக வருவாரா என்று கேட்டாள். பெரும்பாலும் வருவார் என்றேன். அந்தப் 'பெரும்பாலும்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

3

நடந்ததை எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. புதிதாக மாட்டும் சென்சார் எந்தப் பெட்டிக்கு உரியது என்று ஏட்டில் பதிய வேண்டும். அதற்கு அவர்கள் 'பேர் வைக்கிறது' என்று சொல்கிறார்கள். விதிப்படி சென்சாரைப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் நின்று, போனிலிருந்து பேர் வைக்க வேண்டும். ஆனால் குளிர்பெட்டிகளை எப்போதும் கீழ்த்தளத்தில்தான் வைத்திருப்பார்கள். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. ஆகவே இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கட்டடத்தின் வாசலிலேயே பேர் வைத்துவிட்டுக் கீழே இறங்குவார்கள். கல்யாணம் ஆவதற்குள் பிள்ளைக்குப் பேர் வைக்கிற வேலைதான்.

பேர் வைத்த நிமிடத்திலிருந்து அந்தச் சென்சார் எங்கே இருந்தாலும், அது அளப்பது அந்தப் பெட்டியின் குளிர் என்றே ஏடு நம்பும். அது மூட்டைக்குள் இருக்கிறதா வெயிலில் இருக்கிறதா என்று ஏட்டுக்குத் தெரியாது. வாசலிலிருந்து பெட்டிவரை நடக்க ஏழு நிமிடம். உள்ளே வைத்த பிறகு கம்பி குளிர இரண்டு நிமிடம். ஆக மொத்தம் ஒன்பது. பத்து நிமிடம்வரை சூடு தெரிந்தால் ஏடு பொறுத்துக்கொள்ளும், யாரோ மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று விட்டுவிடும். பதினோராவது நிமிடமும் சூடு தெரிந்தால் பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது கெட்டுப்போனதாக எழுதப்படும். ஆறு வருடமாக மாப்பிள்ளை ஒன்பது நிமிடத்தில் பிழைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று 10:42க்கு வாசலில் நின்று, பால் வங்கியின் இரண்டாம் எண் பெட்டிக்கென்று பேர் வைத்தார். வலது தோளில் ஏணி, இடது கையில் கருவிப் பெட்டி. சென்சாரைச் சட்டைப் பையில் போட்டால் கம்பி மடங்கிவிடும் என்று இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசல் கேமராவில் அவர் உள்ளே போவது பதிவாகியிருக்கிறது. ஏணி தெரிகிறது, அக்குள் தெரியவில்லை. பின்னாலேயே குடையோடு ஒரு ஆள் வருகிறார், யாராவது நோயாளியின் உறவினராக இருக்கும்.

பின்வாசல், சாய்தளம், துணி வெளுக்கும் அறை, படிக்கட்டு, நீளமான நடை, அப்புறம் பால் வங்கி. போகும் வழியெல்லாம் சென்சார் அக்குளில் இருந்தபடி தன் வேலையைப் பார்த்தது. முப்பத்தாறு புள்ளி நான்கு. முப்பத்தாறு புள்ளி நான்கு. சிக்னல் இல்லாததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டது. அறைக்குள் அதற்கென்று தனி இணைப்புப் பெட்டி உண்டு. அங்கே போய்ச் சேர்ந்ததும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டது. ஒன்பது முறை முப்பத்தாறு புள்ளி நான்கு, பத்தாவது இருபது, பதினோராவது நான்கு. பூஜ்யத்துக்குக் கீழே இருபதில் இருக்க வேண்டிய பெட்டி அது. மூடியை மூடிவிட்டு அவர் ஏணியை விரிப்பதற்குள் பூட்டு விழுந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆறு வருடமாக ஒன்பது நிமிடத்தில் முடிந்த காரியம் நேற்று ஏன் பதினொன்று ஆயிற்று?

[லிஃப்ட் பழுதாக இருந்ததால்]

லிஃப்டில் அவர் போவதே இல்லை.

[நடையில் ஒரு ஸ்டிரெச்சர் வந்ததால்]

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4

* அடிக்குறிப்பு என்று நினைத்து வாசியுங்கள், தாண்டிப் போனாலும் குற்றமில்லை. பிளாக்செயினை ஒரே வாக்கியத்தில் விளக்க முடியுமா என்று மாப்பிள்ளையிடம் ஒருமுறை கேட்டேன். அவர் நின்று, ஏணியைச் சுவரில் சாய்த்து, இப்படிச் சொன்னார்: "நம்ம குடும்பக் குரூப்ல அவசரப்பட்டு ஒண்ணு அனுப்பிட்டு அழிச்சா என்ன ஆகும் மச்சான்? நம்ம போன்ல இருக்காது. ஆனா சித்தப்பா பாத்திருப்பார், அத்தை படம் புடிச்சு வச்சிருப்பாங்க. அவ்வளவுதான் பிளாக்செயின்." நான் சிரித்தேன். பிறகு கொஞ்சம் நிதானமாகவும் சொன்னார். ஒரே ஏட்டின் நகல் ஐந்து இடங்களில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் அடையாளம் இருக்கும். நடுவில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் உள்ள பக்கங்கள் எதுவும் ஒட்டாது, மற்ற நாலு பேரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாக்கியம் ஒன்றுதான் கேட்டேன், ஐந்தாறு சொன்னார். நன்றாகவே சொன்னார்.

5

பால் வங்கியைப் பார்த்துக்கொள்பவர் ஒரு செவிலியர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் சிஸ்டர். இந்த ஏட்டை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லிச் சண்டை போட்டதே அவர்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வேலையில் இருப்பவர் நாளுக்கு மூன்று முறை குளிரைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பெட்டி இரண்டு நாள் ஓடாமல் நின்றுபோனது. தாளில் அந்த இரண்டு நாளும் மைனஸ் இருபது, மைனஸ் இருபது என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. எழுதிய பெண் கெட்டவள் இல்லை. தினமும் அப்படித்தானே இருக்கிறது என்று பார்க்காமல் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து சிஸ்டர் தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

சிவப்பு விளக்கு எரிந்ததும் மாப்பிள்ளை அவரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குறுக்குவழி, வாசல், அக்குள், ஒன்று விடாமல். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

இப்படி ஒரு தவறு நடந்தால் திருத்த விதி இருக்கிறது. இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தவறு செய்தவருடையது: சென்சார் பெட்டிக்குள் இல்லை, என்னிடம் இருந்தது. இன்னொன்று, அதை நேரில் பார்த்த ஒருவருடையது. இரண்டும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏட்டில் ஏறினால் பூட்டு திறக்கும். மூடியின் கண்ணாடி வழியே பார்த்தால் போத்தல்கள் கல் மாதிரி உறைந்துதான் இருக்கின்றன. ஆனால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த பாலும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்.

மாப்பிள்ளையின் மேலாளர் போனில் வேறு யோசனை சொன்னார். சென்சார் கோளாறு என்று எழுதிவிடுங்கள், உங்கள் தலை தப்பும் என்றார். மாப்பிள்ளை மறுத்துவிட்டார். அப்படி எழுதினால் பால் எப்படியும் கொட்டப்படும். அதோடு அந்த வகைச் சென்சார் மாட்டியிருக்கும் மற்ற நாற்பது பெட்டிகளிலும் எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல் போகும். தீப்பெட்டி பாவம், அது பொய் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

ஆகவே முதல் கையெழுத்தை அவர் அங்கேயே போட்டுவிட்டார். மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள், அது அவருக்குத் தெரியும். படிவத்தில் நாலு கேள்வி. கடைசிக் கேள்வி: உடன் வந்தவர் யார்? யாரும் இல்லை என்று எழுதினார்.

இரண்டாவது கையெழுத்துக்காக சிஸ்டரைப் பார்த்தார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல தம்பி. ஆனா நான் பாக்கல."

"பால் நல்லா இருக்குன்னு உங்களுக்கே தெரியும்ல சிஸ்டர்?"

"தெரியும்னு நெனச்சுதான் அந்தப் பொண்ணும் மைனஸ் இருபதுன்னு எழுதினா."

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இங்கே சண்டைக்காரன் ஒரு தீப்பெட்டி, அதற்குக் கால் இல்லை.

6

[அந்த அறுபத்தொரு போத்தலில் பதினெட்டு போத்தல் ஒரே தாயுடையது. அவளுடைய குழந்தை பத்தொன்பது நாள் மூன்றாம் மாடியில் இருந்துவிட்டுப் போய்விட்டது. குழந்தை போன பிறகும் பால் சுரப்பது நிற்கவில்லை. அவள் தினமும் பஸ் பிடித்து வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், பால் கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி நாள் போத்தலை சிஸ்டரின் கையில் கொடுத்து, "இதையாவது]

இந்த இடத்தில் நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன், தாளைத் தள்ளி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு கீழே போய் என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தப் பொண்ணு நிஜமா?"

திருத்தம்: நிஜம் இல்லை. நான் செய்தது. போத்தலில் எண் மட்டும்தான் இருக்கும், யாருடைய பால் என்று சிஸ்டருக்கே தெரியாது. அப்படி ஒரு தாய் எங்காவது இருக்கக்கூடும், நிச்சயமாக இருப்பாள், ஆனால் நான் பார்க்கவில்லை. அறுபத்தொரு போத்தலும் ஏழு குழந்தைகளும் போதாது என்று நினைத்துக்கொண்டு உங்களுக்காக ஒரு துக்கத்தைத் தயாரித்தேன். கதையில் அந்த இடத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். அது என் அக்குள் சூடு.

அவளை அழிக்க எனக்கு அனுமதி இல்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.

7

புதன் மாலை ஆகிவிட்டது. கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. [சிஸ்டர் மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறார். பூட்டு திறக்கிறது.] படிக்கிறவருக்கு இதுதான் இனிக்கும். ஆனால் இது அந்தப் பேனாக்காரப் பெண்ணின் முடிவு. இத்தனை வருடம் ஒரே கொள்கையைக் கட்டிக் காத்த ஒரு மனுஷியை என் வசதிக்காக ஒரு வரியில் கவிழ்ப்பதா? நல்ல எண்ணத்தோடு சொன்ன பொய்யும் ஏட்டில் பொய்யாகத்தான் கிடக்கும்.

ஆ. [யாரும் வரவில்லை. வியாழன் 10:53. சிஸ்டர் கையுறை போட்டுக்கொண்டு போத்தல்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்க்கிறார். அறுபத்தொன்றையும் எண்ணுகிறார்.] இதை எழுத எனக்குக் கை வருகிறது. சோகமான முடிவு எழுதுவது எப்போதும் சுலபம், எழுதுகிறவனுக்கு அதில் ஒரு பாடும் இல்லை.

இ. [துணி வெளுக்கும் அறையில் வேலை செய்யும் ஒருவர், "நான் பாத்தேன், அந்த ஆள் அக்குள்ள எதையோ வச்சிட்டுப் போனார்" என்று சொல்கிறார்.] கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சி. வாசகர் கேட்பார்: இந்த ஆள் இவ்வளவு நேரம் எங்கே இருந்தார்? முதல் பக்கத்திலேயே ஏன் சொல்லவில்லை?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கை கூப்பிட்டாள், பசியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

8

திருத்தம். வியாழன் காலை, எட்டு மணி.

முதல் பகுதியில், இதெல்லாம் அவர் சமையலறையில் உட்கார்ந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். அது பொய்.

கேமராவில் குடையோடு வருகிற ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை நான்தான் அவரை நச்சரித்தேன். ஏழெட்டு மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை, உங்கள் வேலையை ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஏதாவது கிடைக்கும், சும்மா பின்னால் வருகிறேன் என்றேன். வெளியாட்களை அங்கே கூட்டிப் போகக் கூடாது, தெரிந்தால் உரிமம் போய்விடும் என்றார். மூன்று மாத நிறுத்தம் இல்லை, ஒரேயடியாக ரத்து. குடையைப் பிடித்துக்கொண்டு உறவினர் மாதிரி வருகிறேன் என்றேன். பெண்டாட்டியின் அண்ணன் கேட்டால் எந்த மாப்பிள்ளையால் முடியாது என்று சொல்ல முடியும்?

வாசலில் அவர் பேர் வைத்ததைப் பார்த்தேன். சென்சாரை அக்குளில் இடுக்கியதைப் பார்த்தேன். பால் வங்கியின் கதவுவரை அவருக்கு மூன்றடி பின்னால் நடந்தேன்.

இனி அந்தப் பதினோராவது நிமிடம். படிக்கட்டின் திருப்பத்தில் நான் அவரை நிறுத்தினேன். மாப்பிள்ளை, பிளாக்செயின்னா என்ன, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்களேன் என்று கேட்டேன். அவர் நின்றார். ஏணியைச் சுவரில் சாய்த்தார். குடும்பக் குரூப், சித்தப்பா, அத்தை எல்லாம் அங்கேதான் சொன்னார். நான் சிரித்தது, நீங்களும் ஒருவேளை சிரித்தது, எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைத் தாண்டிப் போனாலும் குற்றமில்லை என்று வேறு எழுதியிருந்தேன்.

சிவப்பு விளக்கு எரிந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்து மேலே போகும்படி கண்ணைக் காட்டினார். போய்விட்டேன். படிவத்தில் யாரும் இல்லை என்று அவர் எழுதியதற்குக் காரணம் நான். மற்ற மூன்று கேள்விகளுக்கும் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு உண்மையை எழுதிய மனிதர், அந்த ஒரு வரியில் மட்டும் பொய் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டால் பால் பிழைக்கும். அவர் எழுதியது பொய் என்று அதே ஏட்டில், அதற்கு நேர் கீழே, ஐந்து இடங்களில், என்றைக்கும் இருக்கும். உரிமமும் போகும்.

முந்தாநாள் சமையலறையில் அவர் என்னிடம் கேட்டது இந்தக் கதையை அழிக்காமல் எழுதச் சொல்லி மட்டும்தான். கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கோபமாக வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சிஸ்டர் ஏன் இறங்கிவரவில்லை என்று இரண்டு நாளாக மூன்று முடிவு எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

9

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ஒன்பதே காலுக்குக் கீழே போனேன். மாப்பிள்ளை இல்லை. பால் வங்கி வாசலில் நிற்கப் போயிருக்கிறார், நின்று என்ன செய்யப் போகிறார் என்று தெரியவில்லை என்றாள் தங்கை. தாள்களைக் கொடுத்தேன். எட்டாம் பகுதியை மட்டும் படி என்றேன். அவள் முதலிலிருந்து படித்தாள்.

அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமையாக இருந்தது. குடும்பக் குரூப் வந்த இடத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதில் போய் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அடைப்புக்குறித் தாயைத் தாண்டிப் போனாள். எட்டாம் பகுதிக்கு வந்தபோது முகம் மாறியது. படித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், தாள்களை மறுபடி மூன்றாம் பகுதிக்குத் திருப்பினாள். என் வாழ்க்கையில் அவள் என்னை அடித்ததில்லை. அப்போது அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இங்க தப்பா எழுதியிருக்கே" என்றாள்.

"எங்க?"

"ஏணி வலது தோள்லன்னு போட்டிருக்கே. அவருக்கு வலது தோள் ரெண்டு மாசமா எழும்பாது. நான்தான் தைலம் தேச்சு விடறேன். ஏணி இடது தோள்ல இருந்திருக்கும். எழும்பாத கைன்னாலதான் அந்தப் பக்கம் இடுக்கினா எதுவும் கீழ விழாது."

கண்ணை மூடிப் படிக்கட்டை நினைத்துப் பார்த்தேன். அவர் முன்னால் போகிறார். கைப்பிடிச் சுவர் வலது பக்கம். ஏணியின் கால் அதில் இடிக்கவில்லை. இடித்திருக்க வேண்டும், வலது தோளில் இருந்திருந்தால். திருப்பத்தில் அவர் ஏணியைச் சாய்த்தது கைப்பிடி இல்லாத, இடது சுவரில். அவள் சொன்னதற்காக இல்லை, எனக்கே இப்போது தெரிந்தது.

"சாட்சி சொல்ற ஆளு இதைக்கூடச் சரியா பாக்கலன்னா சிஸ்டர் ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். பிறகு, "அவர் எழுதின பொய்க்குக் கீழ அவரே திருத்தம் எழுதிக்குவார். அவருக்குத் தெரியும். நீ உன்னோடதை எழுது அண்ணா" என்றாள். தாள்களை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருத்தம்: மூன்றாம் பகுதியில் வலது தோள் என்று இருப்பதை இடது தோள் என்றும், இடது கை, இடது அக்குள் என்று இருப்பவற்றை வலது கை, வலது அக்குள் என்றும் படிக்கவும்.

10

மணி ஒன்பது ஐம்பது. சாட்சிக்கான படிவம் போனில் திறந்திருக்கிறது. மூன்று கேள்விகள்.

எங்கே நின்றீர்கள்? அவருக்கு மூன்றடி பின்னால்.

என்ன பார்த்தீர்கள்? வாசலிலிருந்து பால் வங்கிக் கதவுவரை சென்சார் அவருடைய வலது அக்குளில் இருந்தது.

ஏன் அங்கே இருந்தீர்கள்? இதற்கு ஒரு சிறிய கட்டம் கொடுத்திருக்கிறார்கள், இருபது சொல் கொள்ளும். இத்தனை பக்கம் எழுதிய எனக்கு அந்த இருபது சொல் வரவில்லை. அதில் மாப்பிள்ளையின் உரிமத்துக்கு ஏதாவது கைகொடுக்கும் ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினேன். இருந்தால் இத்தனை நேரத்தில் அகப்பட்டிருக்கும்.

உங்களிடம் இந்த முடிவைக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் திட்டம். இந்த வகைக் கதையில் அப்படித்தான் செய்வார்கள், வாசகரே முடித்துக்கொள்ளுங்கள் என்று கை கழுவுவார்கள். ஆனால் நீங்கள் எதையும் பார்க்கவில்லை, நான் சொல்லிக் கேட்டீர்கள். சிஸ்டர் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன், அதற்குக் கீழே விரலை வைத்தேனா என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் ஏற்கெனவே எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எதை எழுதினாலும் நீங்கள் நம்பக் காரணம் இல்லை. அது ஐந்து இடங்களில் இருக்கிறது. இரண்டாம் எண் பெட்டி, செவ்வாய் 10:42இல் தொடங்கிக் கீழே படித்துக்கொண்டு போங்கள். பதினோரு சூடு, அப்புறம் மாப்பிள்ளையின் நாலு பதில். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் தங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.